நாவடக்கமும் நம் விசுவாசமும்

யாக்கோபின் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை அதன் முதல் வசனத்திலேயே காணலாம். சிதறுண்டு வாழும் பன்னிரண்டு கோத்திரத்தாருக்கு வாழ்த்துக் கூறித்தான் அது தொடங்குகிறது. சிதறல் என்பதற்கு அங்கே வரும் கிரேக்கச் சொல் தியஸ்பொறா. விதையை நாலாபக்கமும் விசிறுதல் என்ற கருத்துடைய வினையிலிருந்து பிறந்த சொல் அது. (வெளிநாடுகளில் வாழும் எமது உறவினரை இன்று உலகம் குறிப்பிடுவதும் இதே சொல்லால்தான்.) ஊரைவிட்டுச் சிதறிய மக்களை நோக்கிய இந்த நிருபத்தில்தான், நாவைப் பற்றிப் புதிய ஏற்பாட்டிலேயே மிக நீண்ட போதனை இருக்கிறது. மூன்றாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வசனங்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. இதைத் தற்செயல் என்று எண்ண மனம் வரவில்லை.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்களாகவும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதிலுமிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் வெளியேறியவர்களுக்கு நாவின் வலிமையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. ஊரில் எங்களுக்கு ஒரு வளவு இருந்தது. வளவைச் சுற்றிக் கதியால் வேலி இருந்தது. வீட்டில் நடப்பது வேலிக்குள்ளேயே நின்றது. தறப்பாள் கொட்டிலில் அந்த வேலி இல்லை. பக்கத்துக் குடும்பம் இருமுவது, அழுவது, சண்டை பிடிப்பது எல்லாம் காதில் விழும். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அங்கே பழகிய செவியும் வாயும் மீள்குடியேறிய ஊருக்கும் எங்களுடன் கூடவே வந்துவிட்டன.

காணியும் மாடும் வீடும் போனபின் ஒரு குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது அதன் பெயர். கடைக்காரர் அரிசியைக் கடனுக்குத் தருவது பெயரை நம்பித்தான். சீட்டில் சேர்ப்பதும், மாதர் சங்கம் சுழற்சிக் கடன் கொடுப்பதும், அடுத்த போகத்துக்கு ஒருவர் விதைநெல் தந்துதவுவதும், பிள்ளைக்குச் சம்பந்தம் பேசி வருவதும் அப்படியே. பிழைத்து எழும்புவதற்கு மிஞ்சிய ஒரே முதலும் அதுதான். அதைக் கெடுக்க ஆயுதம் தேவையில்லை. தண்ணீர் பிடிக்க நிற்கும் வரிசையில் சொல்லப்படும் ஒரு வசனம் போதும்.

யாக்கோபு முதலாம் அதிகாரத்தின் முடிவில் இரண்டு வசனங்களை அருகருகே வைத்திருக்கிறார். தன் நாவை அடக்காதவனுடைய தேவபக்தி வீணானது என்பது 26 ஆம் வசனத்தின் பொருள். துன்பப்படும் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் பராமரிப்பதே மாசில்லாத பக்தி என்பது அடுத்த வசனத்தின் பொருள். இவ்விரண்டையும் நாம் தனித்தனியே வாசித்துப் பழகிவிட்டோம். சேர்த்து வாசித்தால் எங்கள் கிராமங்கள் கண்முன் வரும். யுத்தத்தில் கணவனை இழந்தவர், கணவன் காணாமற் போனவர் என எத்தனை பெண்கள் தனித்து நின்று கமம் செய்கிறார்கள்! உழவு இயந்திரக்காரர் வந்து போனாலும் கதை. நெல் வியாபாரி வந்து போனாலும் கதை. பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பொழுதுபட்டு வந்தாலும் கதை. கதைக்குப் பயந்து ஆள் கூப்பிடாமல் வயலைத் தரிசாக விட்டால் அந்தக் குடும்பத்துக்கு அந்தப் போகம் நட்டம். கோவிலில் அவளுக்கு உலர் உணவுப் பொதி கொடுத்துவிட்டு வெளியே வந்து அவளைப் பற்றிக் கதைக்கும் வாயின் பக்தியை யாக்கோபு என்ன பெயரால் அழைப்பார் என்பதை 26 ஆம் வசனத்தில் பாருங்கள்.

நாவுக்கு அவர் காட்டும் உவமைகள் உழைப்பாளருக்கு நன்கு விளங்குபவை. குதிரையின் வாயிலிடும் கடிவாளம் ஒன்று. எங்கள் எருதுகளுக்கு நாணயக்கயிறு செய்யும் வேலையை அது செய்கிறது. கப்பலின் சுக்கான் இன்னொன்று. மூன்றாவது, பெரிய காட்டையே கொளுத்திவிடும் சிறு நெருப்பு. சேனைக்குக் காடு வெட்டி எரித்தவர்கள் இதை அறிவர். எரிக்க முன்னர் சுற்றிவரத் துப்புரவாக்கி, காற்றின் திசை பார்த்து, ஆட்களை நிறுத்தி வைத்துத்தான் நெருப்பு வைப்பார்கள். கதையை மூட்டுபவர் காற்றுப் பார்ப்பதில்லை.

நான்காவது உவமையில்தான் நான் அதிகம் தரித்து நிற்க விரும்புகிறேன். ஒரே ஊற்றிலிருந்து நன்னீரும் உவர்நீரும் சுரக்குமா என்று யாக்கோபு கேட்கிறார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு வைத்திருந்தவர்களுக்கு இதில் இன்னும் ஒரு பாடம் கிடைக்கும். அங்கே மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. நன்னீருக்குப் பாரம் குறைவு. துலா மிதித்து இறைத்த காலத்தில் அந்தப் படை இலகுவில் குலையவில்லை. இயந்திரம் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைக்கும்போது நன்னீர்ப் படை மெலிந்து, கீழே கிடந்த உவர் மேலே ஏறுகிறது. பிறகு மிளகாய்க் கன்று கருகுகிறது. கிணற்றுக் கட்டை இடித்துக் கட்டிப் பயனில்லை. இறைப்பைக் குறைத்து, மாரி மழை இறங்க விட்டுப் பொறுத்திருக்க வேண்டும்.

இடம்பெயர்ந்தவரின் மனதும் ஏறக்குறைய இப்படித்தான். இழப்பின் கசப்பு அடியில் கிடக்கிறது. அது கிடப்பது பாவமுமல்ல, வெட்கமுமல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் கசப்பு இருக்கக் கூடாது என்று யார் சொல்வது? சங்கீதக்காரரே எத்தனை இடங்களில் கடவுளிடம் முறையிட்டு அழுகிறார். நம்பிக்கையான ஒருவரிடமோ ஆண்டவரிடமோ மனந்திறந்து சொல்லுவது வேறு. பொழுது போகாமல், காலையிலிருந்து மாலைவரை, அகப்பட்டவரிடமெல்லாம் அகப்படாதவரைப் பற்றி இறைத்துக்கொண்டிருப்பது வேறு. இப்படி இறைக்கும்போது எங்கிருந்து வருகிறதென்று தெரியாமலே உவர் வந்துவிடும். காலை ஜெபத்தில் கடவுளைத் துதித்த அதே வாய், அவருடைய சாயலில் படைக்கப்பட்ட மனிதரை மத்தியானம் சபிக்கும். அந்தச் சாயல் எங்கள் இனத்தவருக்கு மட்டும் உரியதல்ல. ஒரு சாதியை, ஒரு சமயத்தாரை, திரும்பி வந்த அயலவரை மொத்தமாக இழித்துச் சொல்லும் பேச்சும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கோள் சொல்லித் திரியாதே என்று லேவியராகமம் 19 ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கோள் சொல்பவனைக் குறிக்க அங்கே வரும் எபிரேயச் சொல், ஊரூராகப் பொருள் காவி விற்கும் வியாபாரியைக் குறிக்கும் சொல்லுக்கு உறவுடையது. ஒரு படலையில் வாங்கி அடுத்த படலையில் விற்கிறான். பிசாசுக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் தியபொலொஸ் என்ற பெயருக்கோ அவதூறு சொல்பவன் என்றே பொருள். திருவள்ளுவரும் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கியிருக்கிறார். எங்கள் வியாபாரிகளின் வாய்பாடு எல்லோருக்கும் தெரிந்ததே: "நானொண்டும் சொல்லேல்லை, சனம் கதைக்குது", "நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேயுங்கோ". இப்போது கைத்தொலைபேசியில் வந்ததை வாசிக்காமலே பத்துப் பேருக்கு அனுப்பிவிடவும் வழியிருக்கிறது. பெயர் போடாத பெட்டிசம் இன்னும் ஒழியவில்லை. இவன் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம் என்ற ஒரு சொல்லால் மனிதர் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத காலத்தை நாங்கள் கடந்து வந்திருக்கிறோம். சொன்னவரிற் சிலர் விளையாட்டாகச் சொன்னார்கள், சிலர் வேலிச் சண்டைக்காகச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் பழைய வரலாறு ஒன்றையும் சொல்ல வேண்டும். கி.பி. 429 இல் வண்டாலர் படைகள் வட ஆபிரிக்காவுக்குள் புகுந்தன. அடுத்த ஆண்டு ஹிப்போ நகரை முற்றுகையிட்டன. இன்று அல்ஜீரியாவில் அன்னாபா என வழங்கும் நகரம் அது. அங்கே ஆயராக இருந்தவர் புனித அகுஸ்தீனார். பிற ஊர்களின் ஆயர்கள் சிலர் அகதிகளாக அவரிடம் வந்து தங்கினர். அவர்களில் ஒருவரான கலாமா ஊர் ஆயர் பொசிதியுஸ், பின்னாளில் அகுஸ்தீனாரின் வாழ்க்கையை எழுதினார். இல்லாதவரைப் பற்றிக் குறைகூறி மகிழ்பவருக்கு இந்த மேசையில் இடமில்லை என்ற கருத்தில் சில வரிகளை அகுஸ்தீனார் தமது சாப்பாட்டு மேசையிலே எழுதி வைத்திருந்தாராம். ஒருமுறை, அவருக்கு மிக நெருங்கிய ஆயர்கள் சிலர் அதை மறந்து கதைக்கத் தொடங்கினர். ஒன்றில் அந்த வரிகளை அழித்துவிட வேண்டும், அல்லது தாம் சாப்பாட்டின் நடுவே எழுந்து அறைக்குப் போய்விட வேண்டும் என்று அவர் கடுமையாகச் சொன்னார். ஆயர்களுக்கே இப்படியென்றால் எங்களுக்கு ஒரு சிறு ஆறுதல். அகுஸ்தீனார் முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் நோயுற்று, 430 ஓகஸ்ட் 28 இல் இறந்தார். அவருடைய வழியில் பெரிய தந்திரம் எதுவுமில்லை. கேட்க ஆளில்லாவிட்டால் கதை தொடராது. எழுந்து போவது கேட்பவரின் கையில் இருக்கிறது.

ஆனால் நாவடக்கம் என்ற பெயரில் வேறொன்றும் எங்களிடையே நடக்கிறது. அநியாயம் செய்யப்பட்டவரைப் பார்த்து, "வெளியில் சொல்லாதே, மானம் போய்விடும், கிறிஸ்தவள் பொறுக்க வேண்டும்" என்று வாயை மூடுகிறார்கள். இது யாக்கோபின் போதனை அன்று. அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்த நிலச் சொந்தக்காரர்களுக்கு எதிராக ஐந்தாம் அதிகாரத்தில் அவர் எவ்வளவு உரத்துப் பேசுகிறார் என்று பாருங்கள். கொடுக்காத கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். கணவனிடம் அடிவாங்கும் பெண்ணும், கெடுக்கப்பட்ட பிள்ளையும் பேச வேண்டும். உடனே உரிய அதிகாரியிடம் பேச வேண்டும். அவர்களுக்காக நாங்களும் பேச வேண்டும். நிவாரணத்தில் திருட்டு நடந்தால் அதுவும் அப்படியே.

மற்ற மனத்தாங்கல்களுக்கு ஆண்டவர் ஒரு வழி வைத்திருக்கிறார். அது மத்தேயு 18 ஆம் அதிகாரத்தில் உண்டு: முதலில் அவரிடமே தனியாகப் போ, கேளாவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல். நாங்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். வீட்டுத்திட்டப் பட்டியலில் ஒரு குடும்பத்தின் பெயர் இருமுறை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கிணற்றடி அறிகிறது, பிறகு சங்கக் கடை அறிகிறது, கடைசியாகத்தான் அந்தக் குடும்பத்துக்குத் தெரியவருகிறது. போய்க் கேட்டிருந்தால், மகள் மணமுடித்துத் தனிக் குடும்ப அட்டை எடுத்திருப்பது தெரிந்திருக்கலாம். உண்மையிலேயே பிழையென்றால் கிராம சேவையாளரிடம் பெயர் போட்டு எழுதிக் கொடுக்கலாம். எல்லைக்கல் தொலைந்த காணித் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபைகளும் உண்டு. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்படுபவை அவை. தீர்ப்புச் சொல்லித் திணிக்காமல், இரு பகுதியாரும் ஓர் இணக்கத்துக்கு வர அவை உதவுகின்றன. அங்கே இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து பேச வேண்டும். முதுகுக்குப் பின்னால் பேசிப் பழகியவருக்கு இது கடினமாகத்தான் இருக்கும்.

சொல்லிவிட்ட பொய்யை என்ன செய்வது? சகேயு தான் அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். பெயரைக் கெடுத்தவர் அந்தப் பெயரையே திருப்பிக் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்கு இருட்டிய பின் போய் மன்னிப்புக் கேட்பது அதில் அரைவாசிதான். கிணற்றடியில் சொன்னதைக் கிணற்றடியிலேயே, அதே ஆட்கள் நிற்கும்போது, "நான் சொன்னது பிழை" என்று திருத்த வேண்டும். மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னதானால் அடுத்த கூட்டத்தில் எழும்பித் திருத்த வேண்டும். அதைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதுவிப்பது இன்னும் நல்லது. கடன் விண்ணப்பம் அடுத்த முறை வரும்போது அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் தேவைப்படும்.