மஅபர் சுல்தான்கள்: குத்பா, நாணயம், நீதி

இஸ்லாமிய அரசியல் மரபில் ஒருவரின் தனியாட்சிக்கு இரண்டு அடையாளங்கள் கூறப்படும். ஜும்ஆ குத்பாவில் அவர் பெயர் ஓதப்பட வேண்டும். அவர் பெயரில் நாணயம் வெளிவர வேண்டும். பேரரசிலிருந்து பிரியும் ஆளுநர் முதலில் நாடுவது இவற்றைத்தான். நாணயத்தைப் பொறுத்தவரை ரோமிலும் இதுவே நிலை. கி.பி. 260இல் ரோமை எதிர்த்து எழுந்த போஸ்டுமஸ், இன்றைய பிரான்ஸ் பகுதியில் தனியரசு நிறுவித் தம் உருவம் பொறித்த காசுகளை வெளியிட்டார். 269இல் அவரைக் கொன்றவர்கள் அவருடைய படைவீரர்களே. 274இல் அவ்வரசை ஔரேலியன் மீண்டும் ரோமுடன் இணைத்தார்.

தமிழகத்தில் இதற்கு ஒப்பான வரலாறு மதுரையினுடையது. தமிழகக் கீழைக்கரையை அரபியர் மஅபர் என்றனர். அங்கு முஹம்மத் பின் துக்ளக்கின் ஆளுநராயிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன், 1335ஐ ஒட்டித் தம் பெயரில் நாணயம் வெளியிட்டுச் சுல்தானானார். டெல்லியிலிருந்த அவர் மகன் இப்ராஹீம் கொல்லப்பட்டார். தண்டிக்கப் புறப்பட்ட துக்ளக்கின் படை தெலுங்கு நாட்டில் கொள்ளைநோயால் அழிந்து திரும்பியது. பின்னர் 1338இல் வங்கமும் 1347இல் தக்காணத்தில் பஹ்மனி அரசும் பிரிந்தன. பிறரைக் கலகக்காரர் என்ற துக்ளக்கும், தம் ஆட்சிக்கு அங்கீகாரம் வேண்டிக் கெய்ரோவிலிருந்த அப்பாஸியக் கலீஃபாவையே நாடினார் என்பது சிந்திக்கத்தக்கது.

பிரிந்து செல்வது ஒரு சமயத்தாரின் இயல்பன்று. இன்றைய திருவள்ளூர் உள்ளிட்ட தொண்டை மண்டலத்தை அந்நாளில் ஆண்ட சம்புவராயர்களும், முன்பு சோழரின் கீழிருந்து பின் தனியரசர்களானவர்களே.

கலகத்தால் பெற்ற அரியணை கலகத்துக்கே இலக்கானது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் அஹ்ஸன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த உதைஜி போர்க்களத்தில் அம்பு பட்டு இறந்தார். அவர் மருமகன் குத்புத்தீன் நாற்பது நாட்களில் கொல்லப்பட்டார். பிறகு கியாஸுத்தீன் தாமகானி அரியணை ஏறினார்.

இக்காலத்துக்கு நமக்குள்ள முதன்மைச் சாட்சி இப்னு பதூதா. டெல்லியிலும் மாலத்தீவிலும் காழியாயிருந்த அவர் அஹ்ஸனின் மகளை மணந்தவர். கியாஸுத்தீன் மணந்ததோ அவளுடைய சகோதரியை. உறவினராயினும் அவர் உண்மையை மறைக்கவில்லை. சிறைப்பட்டவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கியாஸுத்தீன் கொன்றதைத் தாம் கண்டதாகவும், வேறெந்த அரசரிடமும் காணாத இழிசெயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்துள்ளார். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் பிடிபட்டுக் கொல்லப்பட்ட கொடுமையையும் அவரே கூறுகிறார். அந்த வல்லாளரின் படையில் இருபதினாயிரம் முஸ்லிம்கள் இருந்ததாகவும் அவர் எழுதுகிறார். அப்போரைச் சமயப் போராக மட்டும் காண்போர் இதனைக் கருத வேண்டும்.

விஜயநகர இளவரசர் குமார கம்பணர் முதலில் சம்புவராயரையும் பின்னர் மதுரையையும் வென்றார். மதுரை சுல்தான்களின் கடைசி நாணயங்கள் 1378ஐ ஒட்டியவை.

இந்த நாற்பதாண்டுகளைக் காட்டித் தமிழ் முஸ்லிம்களைப் படையெடுப்பாளரின் வழித்தோன்றல்களாகச் சித்திரிப்போர் உண்டு. அதற்கு அஞ்சி அச்சுல்தான்களின் செயல்களை மறைப்போரும் நம்மில் உண்டு. இரண்டும் பிழை. மதுரையில் சுல்தான்கள் தோன்றுமுன்பே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். பாண்டியர் அவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அமைச்சராயிருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். காயலில் அரபுக் குதிரை வணிகம் செழித்ததை மார்க்கோ போலோ கூறுகிறார். வாணிபத்தாலும் நம்பிக்கையாலும் வேரூன்றிய சமுதாயம் இது. அரியணையைப் பறித்தவர்களுக்காக வாதாட வேண்டிய கடமை அதற்கில்லை.

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்ற பொருளும் உண்டு. மதுரை சுல்தான்கள் முதற்பொருளில் நாணயம் உடையவர்களாயிருந்தனர். அவர்களை எடைபோட இப்னு பதூதா கையாண்டது இரண்டாம் பொருளை. நாமும் அந்தக் காழியின் அளவுகோலையே கைக்கொள்வோம்.