கைக்குழந்தைகளுக்கு ஏற்ற கேழ்வரகு அடை

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை தமிழ்நாட்டின் பெரிய சந்தைகளுள் ஒன்று என்பது யாவரும் அறிந்த விஷயம். பழனிமலைச் சரிவுகளிலும் அடிவாரத்துக் கிராமங்களிலும் விளையும் முருங்கையும், தக்காளியும், மற்றக் காய்களும் அங்கே வந்து குவிந்து, அவற்றில் பெரும்பகுதி லாரிகளில் ஏறிக் கேரளத்துக்குச் செல்கின்றது. இவ்வளவையும் விளைவிக்கும் குடும்பங்களிலேயே, ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு நீர்த்த கஞ்சியையும், வெந்நீரில் கரைத்த பிஸ்கோத்தையும் ஊட்டிவரும் வழக்கத்தை இன்றும் காணலாம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில், இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 67 பேரும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57 பேரும் இரத்தசோகை உள்ளவர்கள். ஆகவே, சந்தைக்குப் போகும் சரக்கில் ஒரு சிறு பங்கை வீட்டில் நிறுத்தி, அதைக் கொண்டு குழந்தைக்கு ஏற்ற உணவை எளிதில் தயாரிக்கும் முறையைக் குடியானவர்கள் தெரிந்துகொள்வது அவசியமாகும். கேழ்வரகு மாவும், மலைவாழைப் பழமும், முட்டையும் சேர்த்து வார்க்கும் சிறிய அடை அவ்வகை உணவுகளில் ஒன்று.

கஞ்சியில் உள்ள குறை

குழந்தை பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதுமானது, தண்ணீர்கூட வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறைந்த பின் தாய்ப்பால் மட்டும் போதாது. இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் பால் கொடுத்துவரலாம். ஆனால் அதனுடன் வேறு உணவும் சேரவேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, தாய்ப்பால் போக மற்ற உணவிலிருந்து, 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தினம் சுமார் 200 கலோரியும், 9 முதல் 11 மாதக் குழந்தைக்குச் சுமார் 300 கலோரியும், ஒரு வயது முதல் இரண்டு வயது வரை சுமார் 550 கலோரியும் கிடைக்கவேண்டும். உணவு உடலுக்குத் தரும் சக்தியை அளக்கும் அலகே கலோரி எனப்படுவது.

கஞ்சியினால் இந்த அளவை எட்டுவது கடினம். 20 கிராம் மாவை 200 மில்லிலிட்டர் நீரில் காய்ச்சினால் ஒரு கிண்ணம் கஞ்சியாகும். அதில் உள்ள சக்தி ஏறக்குறைய 65 கலோரிதான். மாவைக் கூட்டினால் கஞ்சி களியாக இறுகிவிடும், குழந்தை விழுங்காது. விழுங்கும்படி நீரைக் கூட்டினால் சத்து இன்னும் குறையும். பத்து மாதக் குழந்தைக்கு 300 கலோரி சேரவேண்டுமானால் தினம் நாலரைக் கிண்ணத்துக்கு மேல் குடித்தாக வேண்டும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லிலிட்டர்தான் கொள்ளும். ஆகையால் வயிறு நிரம்பியும் உடல் தேறாமல் போகின்றது. “நன்றாகத்தான் குடிக்கிறது, ஆனாலும் மேனி வைக்கவில்லை” என்று தாய்மார் வருந்துவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம்.

அடையில் நீர் குறைவு; மாவும் பழமும் முட்டையுமே அதிகம். ஆதலால் சிறிய அளவிலேயே மிகுந்த சத்து அடங்குகின்றது.

இந்த அடைக்குரிய பொருள்கள்

உணவுப் பொருள்களின் சத்துக்களைப் பகுத்தறியும் வேலை தென்னிந்தியாவில் குன்னூரிலேயே வேரூன்றியது. அங்கே 1918-ல் ஆரம்பமான ஆராய்ச்சிச் சாலை, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. அதன் அட்டவணைகளின்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய பச்சரிசியிலோ அது 10 மில்லிகிராம் அளவே. எலும்பும் பல்லும் உருவாகும் வயதில் இந்த வித்தியாசம் அற்பமானதன்று.

விருப்பாட்சி மலைவாழை, ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள விருப்பாட்சியின் பெயரைக் கொண்டது. 2008-09-ல் புவிசார் குறியீடு பெற்றது. இதன் சதை இறுகியது, நீர்ப்பதம் குறைந்தது, தோல் சுருங்கிய பின்னும் எளிதில் அழுகாது. பழனிப் பஞ்சாமிருதத்துக்கு இப்பழம் விரும்பப்படுவதற்கு இக்குணமே காரணம். அடை மாவும் இதனால் நீர்த்துப்போவதில்லை. சர்க்கரை சேர்க்காமலே இனிப்பும் உண்டாகின்றது. முடிக்கொத்து நோயினால் கீழ்ப்பழனி மலையில் இவ்வாழைச் சாகுபடி முன்னர் பெரிதும் சுருங்கிப்போயிற்று. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளால் பின்னர் ஓரளவு மீண்டது. மலைப்பழம் கிடைக்காத காலத்தில் நன்கு கனிந்த வேறெந்த வாழைப்பழமும் உதவும்.

முட்டை உயர்ந்த புரதத்தைத் தருவது. முட்டை உண்ணாத குடும்பத்தார் அதற்குப் பதிலாகப் பாசிப்பருப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முளைகட்டிய மாவு தயாரித்தல்

கேழ்வரகை வெறுமனே அரைப்பதைவிட, முளைகட்டி அரைப்பது சிறந்தது. முளைக்கும்போது தானியத்தின் மாவுப்பொருள் ஓரளவு சிதைந்து எளிதில் ஜீரணமாகும் நிலையை அடைகின்றது. அன்றியும், இரும்பையும் சுண்ணாம்பையும் உடலில் சேரவொட்டாமல் பிடித்துவைக்கும் பைட்டிக் அமிலம் குறைகின்றது.

1. ஒரு கிலோ கேழ்வரகைக் கல், மண் போகப் பொறுக்கி, மூன்று நான்கு தடவை கழுவி, இரவு முழுவதும் நல்ல நீரில் ஊறவைக்கவேண்டும்.

2. காலையில் நீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடவேண்டும். துணி காயாதபடி அவ்வப்போது நீர் தெளிக்கவேண்டும். சுமார் ஒரு நாளில் வெள்ளை முளை தோன்றும். கெட்ட வாடையோ பூசணமோ காணப்பட்டால் முழுவதையும் நீக்கிவிடவேண்டும்.

3. முளைத்த தானியத்தை நிழலில் பரப்பி, கடித்தால் நொறுங்கும் பதத்தில் உலர்த்தி, கையால் தேய்த்து முளைகளைப் புடைத்து நீக்கவேண்டும்.

4. இளந்தீயில் மணம் வரும்வரை வறுத்து, ஆறியபின் அரைத்து, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்துகொள்ளவேண்டும். மூடியுள்ள டப்பாவில் ஈரம் படாமல் வைத்தால் ஒரு மாதம் வரை உபயோகிக்கலாம்.

அடை வார்க்கும் முறை

முளைகட்டிய கேழ்வரகு மாவு 30 கிராம், அதாவது மேஜைக்கரண்டியால் குவித்து மூன்று கரண்டி, சிறிய மலைவாழைப் பழம் ஒன்று, முட்டை ஒன்று, நெய் ஒரு தேக்கரண்டி. இவ்வளவே வேண்டியவை.

பழத்தைக் கட்டியில்லாமல் பிசைந்து, முட்டையை உடைத்து ஊற்றி நன்றாக அடித்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கவேண்டும். கலவை இட்லி மாவைப்போல் இருக்கவேண்டும். இறுகினால் காய்ச்சி ஆறிய நீர் இரண்டொரு கரண்டி விடலாம். பத்து நிமிஷம் மூடி வைத்தால் மாவு ஊறி மிருதுவாகும். பின்னர் தோசைக்கல்லை இளந்தீயில் காயவைத்து, நெய்யைத் தடவி, ஒரு மேஜைக்கரண்டி அளவு மாவை ஊற்றவேண்டும். தோசையைப்போல் இழுத்துத் தேய்க்கலாகாது. மூடி போட்டு இரண்டு நிமிஷம் வேகவிட்டு, மேற்பாகம் ஈரம் வற்றியதும் திருப்பி, மறுபக்கமும் அவ்வாறே வேகவிடவேண்டும். தீ மிகுந்தால் வெளிப்புறம் கருகி உட்புறம் பச்சையாக நின்றுவிடும். பாதி வெந்த முட்டை குழந்தைக்கு ஆகாது. ஆதலால் ஓர் அடையைப் பிட்டுப் பார்த்து, உள்ளே மாவுப் பசை இல்லை என்று கண்ட பின்னரே ஊட்டவேண்டும். சோடா உப்பு வேண்டியதே இல்லை.

இவ்வளவு பொருள்களில் உள்ளங்கை அகலமுள்ள ஐந்தாறு அடைகள் கிடைக்கும். அவற்றின் மொத்த சக்தி சுமார் 260 கலோரி. அதாவது, மேற்சொன்ன கஞ்சியில் நான்கு கிண்ணத்துக்குச் சமம்.

முட்டைக்குப் பதிலாகப் பாசிப்பருப்பு சேர்ப்பவர்கள், இரண்டு மேஜைக்கரண்டி பருப்பை மூன்று மணி நேரம் ஊறவைத்து நைய அரைத்துச் சேர்க்கவேண்டும். பழத்துக்குப் பதிலாக, ஒரு பிடி முருங்கைக்கீரையை நரம்பு நீக்கி மைய நறுக்கி, வேகவைத்து மசித்த கொடைக்கானல் காரட்டுடன் சேர்த்து வார்ப்பதும் உண்டு. கீரையிலும் காரட்டிலும் கண்ணுக்கு வேண்டிய ‘ஏ’ ஜீவசத்தாக மாறும் பொருள் நிறைய உண்டு. கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர ‘சி’ ஜீவசத்து துணைசெய்யும். ஆகையால் அடையுடன், ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாவை விதை நீக்கி மசித்துச் சிறிது கொடுத்தல் நலம். தேநீர் இதற்கு நேர்மாறாக இரும்புச் சத்தைத் தடுப்பது. குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

வயதுக்கேற்ற அளவு

“பல் முளையாத குழந்தைக்கு அடையா?” என்று பெரியவர்கள் கேட்பது இயல்பே. ஆறு, ஏழு மாதத்தில் அடையைத் தாய்ப்பாலிலோ, காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான நீரிலோ ஊறவைத்துக் குழைய மசித்து, இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கவேண்டும். எட்டு மாதத்துக்கு மேல் பெரும்பாலான குழந்தைகள் தாமே கையில் பிடித்து ஈறினால் மென்று தின்னப் பழகும். அப்போது விரல் நீளத்துக்கு மெதுவான துண்டுகளாக்கிக் கொடுக்கலாம். ஒன்பது மாதத்தில் ஒரு வேளைக்கு மேற்படி அளவில் பாதியும், ஒரு வயதுக்கு மேல் பசிக்கேற்ப அதற்கு அதிகமும் கொடுக்கலாம். அடை ஒன்றே முழு உணவன்று. பருப்பும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த சோறும், காய்கறிகளும் மற்ற வேளைகளில் இருக்கவேண்டும்.

முட்டை, பயறு முதலிய புதுப் பொருள்களை ஒரே நாளில் சேர்க்காமல், ஒன்றைக் கொடுத்து மூன்று நாள் கவனித்த பின் அடுத்ததைச் சேர்க்கவேண்டும். உடலில் தடிப்பு, முகவீக்கம், தொடர்ந்த வாந்தி கண்டால் நிறுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும். மூச்சுத் திணறல் கண்டால் சிறிதும் தாமதிக்கலாகாது.

விலக்க வேண்டியவை

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமியின் வித்து, சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதும், தேன் கலந்த பஞ்சாமிருதத்தைக் கைக்குழந்தையின் நாவில் தடவுவதும் இக்காரணத்தால் விலக்கத்தக்கவை. ஒரு வயது வரை உப்பும், இரண்டு வயது வரை சர்க்கரையும் வெல்லமும் சேர்க்காதிருப்பதே நல்லது. முழு நிலக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டவேண்டும், படுக்கவைத்து ஊட்டலாகாது. சமைப்பவரும் ஊட்டுபவரும் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். வார்த்த அடையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து கொடுக்கலாகாது.

குடியானவர்கள் மேலும் சில எச்சரிக்கைகளைக் கைக்கொள்ளவேண்டும். பூச்சிமருந்து தெளித்த முருங்கைத் தோப்பிலிருந்து கீரையைப் பறித்து வந்து குழந்தைக்குச் சமைப்பது ஆபத்து. கொல்லையில் இரண்டு மரங்களை மருந்து தெளிக்காமல் வீட்டுக்கென்றே விட்டுவைக்கலாம். மருந்து கலந்து நேர்த்தி செய்த விதைத் தானியம் மீந்தால், அதை எத்தனை தடவை கழுவினாலும் உணவுக்கு எடுக்கலாகாது. பூசணம் பிடித்த தானியத்திலும் கடலையிலும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகக்கூடும். வறுப்பதால் அது முற்றும் நீங்குவதில்லை.

வீட்டுக்கு ஒதுக்க வேண்டிய அளவு

ஒரு குழந்தைக்குத் தினம் 30 கிராம் மாவு வீதம் ஓராண்டுக்கு 11 கிலோ ஆகும். முளைகட்டுவதிலும் சலிப்பதிலும் உண்டாகும் குறைவையும் சேர்த்தால் 13 கிலோ கேழ்வரகு போதும். பழம் மாதத்துக்கு இரண்டு மூன்று சீப்பு. முட்டைக்கு இரண்டு மூன்று நாட்டுக் கோழிகள். பல ஏக்கர் சாகுபடி செய்பவருக்கும், ஒரே ஏக்கர் உடையவருக்கும் இது பெரும் பாரமன்று. கேழ்வரகு பயிரிடாதவர்கள் அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கி, நன்கு காயவைத்துச் சேமித்துக்கொள்ளலாம். மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர் வீட்டில் எதுவும் மிஞ்சுவதில்லை. சந்தைக்கு மூட்டை கட்டுவதற்கு முன்பே இப்பங்கை எடுத்து வைப்பதே உறுதியான வழி.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கது

ஒட்டன்சத்திரம் மதுரை ஜில்லாவில் சேர்ந்திருந்த காலத்தில், 1980-ல், அந்த ஜில்லாவின் ஒரு வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் துணை உணவு கொடுத்து, தாய்மாருக்கு ஊட்டும் முறையைக் கற்பிப்பது அதன் வழி. எடை குறைந்து மெலிந்த பின் வைத்தியம் செய்வதைவிட, எடை ஏறாமல் நின்ற மாதத்திலேயே உணவைத் திருத்துவது எளிது என்பது அதன் கருத்து. இன்று அங்கன்வாடிகளில் மாதந்தோறும் எடை பார்க்கப்படுகின்றது. இணை உணவு மாவும் கொடுக்கப்படுகின்றது. அம்மாவையும் கஞ்சியாகக் கரைக்காமல், முட்டையோ பருப்போ சேர்த்து அடையாக வார்க்கலாம். அதில் வெல்லமோ சர்க்கரையோ சேர்ந்திருந்தால் மேற்கொண்டு இனிப்பு வேண்டியதில்லை.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் மாதத்தில் ஒரு நாள் எடை பார்க்கும் தினத்தில் அங்கன்வாடிக்குச் சென்று, அங்கேயே அடுப்பு மூட்டி இந்த அடையை வார்த்துக் காட்ட ஏற்பாடு செய்தால், எழுத்தால் விளங்காதது கண்ணால் விளங்கும். பாட்டிமாரையும் அழைத்தல் அவசியம். கைக்குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்பதைப் பல வீடுகளில் தீர்மானிப்பவர்கள் அவர்களே. இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாத குழந்தையை, அடை கொடுத்துக் காத்திராமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பவேண்டும்.