உபாத்தியாயர் பயிற்சியும் சமூக ஊடகமும்

கரும்பலகையின் முன் நின்று பேசக் கற்றுக்கொண்டால் உபாத்தியாயருக்குப் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு பெருஞ் சபையின் முன் பேசவும் அவர் இப்பொழுது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேஸ்புக், வாட்ஸப், எக்ஸ் முதலிய சமூக ஊடகங்களையே குறிப்பிடுகிறோம். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபொழுது, உபாத்தியாயர்கள் பலர் வேறு வழியின்றிக் கைப்பேசி மூலம் பாடம் அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். பள்ளிகள் திறந்த பின்னும் அப்பழக்கம் நீங்கவில்லை. ஆனால் அவசரத்தில் கற்ற வித்தை வேறு. முறையாகக் கற்ற வித்தை வேறு.

நமக்குத் தெரிந்த ஒரு பி.எட். மாணவியின் அனுபவம் இவ்விஷயத்தை நன்கு விளக்கும். பேராசிரியரின் யோசனைப்படி, வகுப்பறை அனுபவங்களை எழுதுவதற்காக அவர் எக்ஸ் தளத்தில் ஒரு கணக்குத் திறந்தார். டுவிட்டர் என்று வழங்கி, 2023-ல் பெயர் மாறிய தளம் அது. உறவினர் குழுவில் காலை வணக்கம் அனுப்புவதற்கு மேல் அவருக்கு இவ்வித்தையில் பழக்கமில்லை. 280 குறிகளுக்குள் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். தமிழிலோ ‘க்’ என்ற ஓரெழுத்தே இரண்டு குறிகளாகக் கணக்காகிறது. யார் படிக்கிறார்கள் என்பதும் தெரியாது. முதல் சில வாரங்கள் அவர் ஒன்றும் எழுதாமல் பிறர் எழுதியதையே படித்து வந்தார்.

பிறகு ஒரு நாள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கைவிட நான்கில் ஒரு பங்கே பெரிது என்று சாதிக்கிறார்களே, என்ன செய்வது என்று கேட்டு எழுதினார். அன்று மாலைக்குள் வேறொரு ஜில்லாவிலுள்ள அனுபவசாலி ஒருவர், ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளைப் பிள்ளைகளே மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கட்டும் என்று பதில் எழுதினார். மறுநாள் அந்தப் பாடம் எளிதில் முடிந்தது.

இத்தகைய பரஸ்பர உதவி நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நமது பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் கைக்கொண்டார். சிறுவரைக் கொண்டே சிறுவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்தி, 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. துணையின்றிக் கிராமத்தில் தனித்திருக்கும் உபாத்தியாயருக்கு, அறிந்தவரிடம் கேட்டறியும் இவ்வசதி சிறிய உதவியன்று.

நிற்க. அதே மாணவிக்கு மற்றொன்றும் நேர்ந்தது. ஒரு சிறுவன் பரீட்சையில் எழுதிய விடையொன்று வேடிக்கையாக இருந்தது. அதைப் படம் பிடித்து, கெட்ட எண்ணம் ஏதுமின்றியே, அவர் அத்தளத்தில் வெளியிட்டார். தாளின் மூலையில் சிறுவனின் பெயர் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கண்டவர்கள் சிரித்தார்கள், பிறருக்கும் அனுப்பினார்கள். சுற்றிச் சுற்றி அந்தப் படம் சிறுவனுடைய தமையனின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. இரண்டு நாள் சிறுவன் பள்ளிக்கு வரவில்லை. மாணவி பதிவை அழித்தார். ஆனால் படத்தின் பிரதிகளை அழிக்க அவரால் இயலவில்லை. வீடு தேடிச் சென்று தாயாரிடமும் சிறுவனிடமும் மன்னிப்புக் கேட்டார். சிறுவன் மறுபடி வகுப்புக்கு வந்தான். ஆனால் மாணவி அருகில் வரும்போதெல்லாம் தன் நோட்டுப் புத்தகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

இதைக் கேட்டதும், ‘உபாத்தியாயருக்கு இந்த வம்பு எதற்கு? அடியோடு தடுத்துவிடலாமே!’ என்று பெரியோர் சிலர் கூறக்கூடும். இவ்வபிப்பிராயத்தை நாம் ஏற்கவில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். பிள்ளைகள் உலாவும் வீதியை அறியாத உபாத்தியாயர் அவர்களுக்கு எப்படி வழிகாட்டுவார்? நம் தேசத்தில் வதந்திகள் கைப்பேசி வழியே பரவிக் கும்பல் கொலைகளுக்கும் காரணமானதால், 2018-ல் வாட்ஸப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்பாதபடி இங்கே வரம்பு விதித்தது. இயந்திரத்திற்கு வரம்பு கட்டலாம்; வந்த செய்தி மெய்யா பொய்யா என்று விசாரிக்கும் பழக்கத்தை உபாத்தியாயரே ஊட்ட வேண்டும்.

ஆதலால் செய்யத்தக்கது யாது? பி.எட். பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பத்தை ஆராய்ந்து அறிவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இரண்டாம் வருஷத்தில் 16 வாரப் பள்ளிப் பயிற்சியும் உண்டு. இவ்விரண்டையும் இணைத்தால் போதும். புதிய பரீட்சை ஒன்றும் வேண்டாம். முதலில் படிக்கவும், பிறகு கேட்கவும், கடைசியில் எழுதவும் மாணவர்களைப் பழக்க வேண்டும். அந்நியரின் தொல்லைக்கு அஞ்சும் பெண்களைப் பொதுத்தளத்தில் எழுதும்படி கட்டாயப்படுத்தலாகாது. கலாசாலைக்குள் அமைந்த குழுவே அவர்களுக்குப் போதுமானது. பிள்ளைகளின் முகம், பெயர், கையெழுத்து ஆகிய மூன்றும் உபாத்தியாயரின் சொத்தல்ல என்பதை முதல் பாடமாகவே போதிக்க வேண்டும். 2023-ல் நமது பார்லிமெண்டு நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாக வகுத்து, அவர்களைப் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கோருகிறது. சட்டம் எட்டாத இடத்திலும் இந்த மரியாதை எட்ட வேண்டும்.

இதற்கு எளிய உரைகல் ஒன்று உண்டு. எழுதியதை வெளியிடுமுன், ‘இதை இந்தப் பிள்ளையின் முன்னும், இதன் தாயாரின் முன்னும் உரக்கப் படிப்பேனா?’ என்று உபாத்தியாயர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும். படிக்கக் கூசுமானால் அதை வெளியிடவும் கூடாது.

அந்த மாணவி தம் கணக்கை மூடவில்லை. முன்போலவே கேள்விகள் கேட்கிறார். தாம் அறிந்ததைப் பிறருக்குச் சொல்லுகிறார். பிள்ளைகளின் எழுத்தை மட்டும் படம் பிடிப்பதில்லை. தம் தவற்றையும், பெயர் குறிப்பிடாமல், சக மாணவர்களுக்கு எடுத்துரைத்து வருகிறார். அவர் பட்டுத் தெரிந்துகொண்டதை மற்றவர்கள் படாமலே தெரிந்துகொள்ளும்படி செய்வதற்கன்றோ பயிற்சிக் கலாசாலைகள் இருக்கின்றன? அவற்றின் தலைவர்கள் இதனைக் கவனிப்பார்களென்று நம்புகிறோம்.