சிறுபரப்பு மதிப்பீடு

சிறுபரப்பு மதிப்பீடு என்பது, நாடு, மாநிலம் அல்லது மாவட்டம் அளவில் திட்டமிடப்பட்ட மாதிரிக் கணக்கெடுப்பின் தரவுகளைப் பிற தரவுகளுடன் இணைத்து, வட்டம், ஒன்றியம், ஊர் போன்ற சிறிய பகுதிகளின் நிலையைக் கணிக்கும் புள்ளியியல் முறையாகும். பொதுச் சுகாதாரம், ஊட்டச்சத்து, வறுமை ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளில் இது பயன்படுகின்றது. இக்கட்டுரை தஞ்சாவூர் மாவட்டத்தின் கும்பகோணம் வட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகின்றது.

தேவை

இந்தியாவில் குழந்தைகளின் உயரம், எடை, இரத்தசோகை முதலியன பற்றிய முதன்மையான தரவு மூலங்களுள் ஒன்று தேசிய குடும்பநல ஆய்வு ஆகும். இதன் முதற் சுற்று 1992-93இல் நடைபெற்றது. 2015-16இல் நடந்த நான்காம் சுற்றிலேயே முதன்முறையாக நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் தனித்தனி மதிப்பீடுகள் கிடைத்தன. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளை உள்ளடக்கியது. அதாவது, ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 900 வீடுகள். இச்சுற்றின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் இந்தியாவில் 35.5 விழுக்காடும், தமிழ்நாட்டில் 25 விழுக்காடும் ஆவர்.

மாவட்டத்துக்கு ஓர் எண் கிடைத்தாலும் அது மாவட்டத்தின் உட்பகுதிகளைக் காட்டுவதில்லை. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த கும்பகோணம் நகரும் அதன் சுற்றுப்புறமும் பழைய பாசனப் பகுதியைச் சேர்ந்தவை. தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகள் 1934இல் நிறைவுற்ற கல்லணைக் கால்வாயாலேயே காவிரிப் பாசனம் பெற்றன. அங்கு தென்னை மிகுதி. இவ்விரு நிலங்களின் குடும்பங்களும் ஒரே சராசரிக்குள் அடங்குகின்றன.

நெற்பயிர்க் காப்பீட்டில் வருவாய்க் கிராமந்தோறும் அறுவடைச் சோதனை நடத்தி விளைச்சல் கணிக்கப்படுகின்றது. குழந்தைகளின் வளர்ச்சிக்கோ அத்தகைய நுண்ணளவில் மாதிரிக் கணக்கெடுப்பு இல்லை.

நேரடி மதிப்பீட்டின் சிக்கல்

ஒரு வட்டத்தில் அளக்கப்பட்ட குழந்தைகளை மட்டும் கொண்டு கணிப்பது நேரடி மதிப்பீடு எனப்படும். கற்பனையாக, ஒரு வட்டத்தில் 30 குழந்தைகள் அளக்கப்பட்டு, அவர்களுள் 12 பேர் உயரம் குன்றியவர்கள் எனக் கொள்வோம். விழுக்காடு 40, திட்டப் பிழை ஏறத்தாழ 9. எனவே உண்மை அளவு 22 முதல் 58 விழுக்காடு வரை எதுவாகவும் இருக்கலாம். மேலும், வீடுகள் தனித்தனியாக அன்றி ஊர்க் கொத்துகளாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரே ஊரின் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் பிழை இன்னும் பெரிதாகும்.

முறை

வட்டங்கள் அனைத்துக்கும் கிடைக்கும் துணைத் தரவுகள் முதலில் திரட்டப்படும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள பெண் கல்வி, கழிப்பிட வசதி, வேளாண் கூலித் தொழிலாளர் பங்கு ஆகியன இத்தகையவை. இவற்றுக்கும் உயரக் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எதிர்பார்ப்பு அளவு பெறப்படும். பின்னர் நேரடி மதிப்பீடும் எதிர்பார்ப்பு அளவும் எடையிட்டுச் சேர்க்கப்படும். அமெரிக்காவில் மக்கள் குறைந்த ஊர்களின் வருமானத்தைக் கணிக்க ஃபே, ஹெரியட் ஆகியோர் 1979இல் வெளியிட்ட முறை இவ்வகையில் புகழ்பெற்றது.

மேற்கண்ட வட்டத்தின் எதிர்பார்ப்பு அளவு 26 எனவும், அத்தகைய அளவிலிருந்து வட்டங்கள் உண்மையில் விலகும் திட்ட விலக்கம் 5 எனவும் கொள்வோம்.

நேரடி மதிப்பீட்டின் எடை = 25 ÷ (25 + 81) = 0.24
இணைந்த மதிப்பீடு = (0.24 × 40) + (0.76 × 26) = ஏறத்தாழ 29 விழுக்காடு

அளக்கப்பட்ட குழந்தைகள் மிகுந்தால் திட்டப் பிழை குறையும். நேரடி மதிப்பீட்டின் எடை கூடும். அருகருகே உள்ள இடங்கள் ஒத்திருக்கும் என்ற அடிப்படையில் அண்டை வட்டங்களின் தரவையும் சேர்த்துக்கொள்ளும் முறைகள் இடஞ்சார் புள்ளியியலில் உள்ளன.

வரம்புகள்

* இம்முறை மதிப்பீடுகளைச் சராசரியை நோக்கி இழுக்கின்றது. மேற்கண்ட வட்டத்தில் உண்மையிலேயே 40 விழுக்காட்டுக் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தால், 29 என்ற எண் அவர்களை மறைத்துவிடும். அங்கன்வாடிகளுக்கான நிதிப் பங்கீட்டில் அவ்வட்டம் பின்தங்கக்கூடும். எனவே பிழை எல்லையைக் குறிப்பிடாமல் வரைபடத்தை மட்டும் வெளியிடுவது தவறான முடிவுகளுக்கு வழிவகுக்கும்.
* தனியுரிமை கருதி, ஆய்வுக் கொத்துகளின் ஆயங்கள் நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரையும், ஊர்ப்புறத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரையும் இடம் மாற்றி வெளியிடப்படுகின்றன. ஊர்கள் நெருங்கிய கழிமுகத்தில் ஒரு புள்ளி அடுத்த ஊரில் விழலாம். ஆகவே வாய்க்காலுக்கோ மருத்துவமனைக்கோ உள்ள தொலைவை அப்புள்ளியிலிருந்து கணக்கிடுவது நம்பத்தக்கதன்று.
* எல்லைகள் மாறுகின்றன. ஐந்தாம் சுற்று 2017 மார்ச் 31இல் இருந்த மாவட்டங்களைக் கொண்டது. 2020இல் உருவான மயிலாடுதுறை மாவட்டம் அதில் நாகப்பட்டினத்துக்குள் அடங்கும்.

அங்கன்வாடிப் பதிவுகள்

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் குழந்தைகளின் எடையும் உயரமும் பதிவாகின்றன. இவை ஊரளவில் கிடைப்பவை. ஆனால் மையத்தில் பதிவு பெறாத குழந்தைகள் விடுபடுவர். கணக்கெடுப்பில் இக்குறை குறைவு. ஆனால் எண்ணிக்கை சிறிது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்வதால், அங்கன்வாடிப் பதிவைத் துணைத் தரவாகச் சேர்க்கலாம். மதிப்பீடும் பதிவும் பெரிதும் முரண்படும் ஊர்களில் நேரில் அளந்து சரிபார்ப்பதே தக்க வழியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மாதிரிக் கணக்கெடுப்பு
* திட்டப் பிழை
* தேசிய குடும்பநல ஆய்வு
* தஞ்சாவூர் மாவட்டம்