கோமுகியில் என்னென்ன மீன் இருக்கிறது? கோடையில் எடுக்க வேண்டிய கணக்கு

கார்த்திகையில் கோமுகி அணை 46 அடியை நெருங்கினால் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை எல்லோருக்கும் நிம்மதி. எத்தனை நாள் பாசனம், எத்தனை ஏரி நிரம்பும் என்று விரல்விட்டு எண்ணிவிடுவோம். அதே தண்ணீரில் எத்தனை வகை மீன் இருக்கிறது என்று கேட்டால் விரால், கெண்டை, கெளுத்தி, ஜிலேபி என்று நாலு பெயரோடு நின்றுவிடுவோம்.

அந்த நாலில் கெண்டை ஒரே மீன் அல்ல. விரல் நீளத்தில் வாலருகே கரும்புள்ளியோடு திரிவதும் கெண்டை, முழ நீளம் வளர்வதும் கெண்டை. ஆய்வாளர்கள் அவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரிக்கிறார்கள். பக்கவாட்டுக் கோட்டில் எத்தனை செதில், முதுகுத் துடுப்பில் எத்தனை முள், வாயோரம் மீசை உண்டா என்று எண்ணிப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். ஆற்றில் மீன் கணக்கெடுப்பது என்றால் எடை போடுவது அல்ல. எந்த இனம் எந்த இடத்தில், எந்த மாதத்தில் இருக்கிறது என்று எழுதி வைப்பது.

இந்த வேலை புதிதல்ல. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1873-ல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். மாவட்ட அதிகாரிகளுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பி, சந்தைக்கு என்ன மீன் வருகிறது, வலைக்கண் எவ்வளவு சிறியது, இனப்பெருக்கக் காலத்தில் வயலிலும் வாய்க்காலிலும் மீன் பிடிக்கிறார்களா என்று கேட்டுத் தொகுத்தார். அப்போது நம் பகுதி தென்னாற்காடு மாவட்டம். அடுத்து 1875 முதல் 1878 வரை வெளியிட்ட பெரிய நூலில் பல மீன்களுக்குத் தமிழ்ப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். காவிரியை இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் தனியாக ஆராய்ந்து 1982-ல் அறிக்கை வெளியிட்டது. காவிரி போன்ற பெரிய ஆற்றுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம், கோமுகி போன்ற சிற்றாறுகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

மலை முதல் கடல் வரை

கல்வராயன் மலையில் இறங்கும் கோமுகி, சமவெளியில் மணிமுத்தாற்றோடு சேர்ந்து, விருத்தாசலம் தாண்டி வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. இந்தத் தூரத்தில் மீன் வகை படிப்படியாக மாறும். மலை ஓடையின் வேகத்தில் விராலுக்கு வேலையில்லை. அங்கே தாடைக்குக் கீழே ஒட்டுறுப்பு வைத்திருக்கும் சின்ன மீன்கள் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். மணல் படுகையில் அயிரையும் ஆராலும் புதைந்து கிடக்கும். வேகம் குறைந்த இடத்தில் கெண்டை வகைகள். ஏரியிலும் சேற்றிலும் விரால், குரவை, தேளி.

குறுக்கே அணை வந்தால் கணக்கு மாறும். விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வளரும் மீன். அணைக்கு மேலே அது இன்னும் கிடைக்கிறதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. காவிரியில் உல்லம் மீனுக்கு நடந்தது தெரிந்ததுதான். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, கடலிலிருந்து முட்டையிட ஏறிவந்த அந்த மீன் பிடிபடுவது ஒடுங்கிப்போனது.

மடு எங்கே இருக்கிறது?

நம் ஆறு வருடம் முழுக்க ஓடுவதில்லை. சித்திரை, வைகாசியில் மணல்தான் தெரியும். அப்போது மீன் எங்கே போகிறது? மிஞ்சியது எல்லாம் மடுவில் இருக்கும். பாறை இடுக்கில், ஆற்று வளைவில், மரவேர் அரித்த குழியில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் போதும். அடுத்த மழையில் ஆற்றையும் வாய்க்காலையும் நிரப்பப் போகும் தாய்மீன்கள் அந்தக் குழியில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எந்த மடு வற்றாது என்பது வெளியூர் ஆய்வாளருக்குத் தெரியாது. ஆடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவருக்குத் தெரியும். மணல் அள்ளி மடு சரிந்துபோனாலோ, கடைசித் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்தாலோ, ஒரு இரவில் ப்ளீச்சிங் பவுடர் கொட்டினாலோ ஓரிரு இனங்கள் அந்த ஆற்றுப் பகுதியை விட்டே போய்விடலாம். நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது.

ஏத்து மீன் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். முதல் வெள்ளத்தில் வாய்க்கால் ஏறி வரும் மீனின் வயிற்றில் பெரும்பாலும் முட்டை இருக்கும். மடை வாயில் கொசுவலையைக் கட்டுவதில் உள்ள சுகம் எனக்கும் தெரியும். ஆனால் அது விதை நெல்லை உலையில் போடுவது.

மீன் சொல்லும் தண்ணீர்ச் செய்தி

விரால், குரவை, தேளி மூன்றும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். கெண்டை வகைகள் தண்ணீரில் கரைந்த உயிர்வாயுவை நம்பியே வாழ்பவை. மரவள்ளி அரைத்த கழிவுநீரோ சாக்கடையோ கலந்தால் உயிர்வாயு குறைந்து முதலில் சாவது கெண்டை. ஒரு ஏரியில் போன வருடம் பத்து வகை இருந்து, இந்த வருடம் காற்றைச் சுவாசிப்பவை மட்டும் மிஞ்சினால் கழிவு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். ஆனால் போன வருடத்துக் கணக்கு இருந்தால்தான் இதைச் சொல்ல முடியும்.

வந்தேறிகளையும் எழுத வேண்டும். ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாப்பதால் குஞ்சுகள் தப்பிப் பெருகுகின்றன. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கைச் சமவெளியின் மீன்கள். நமக்கு வருமானம் தருபவைதான், ஆனால் ஆற்றின் சொந்த இனப் பட்டியலில் சேராது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு ரகம். வளர்க்கவே மத்திய அரசு தடை விதித்த மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், மற்ற மீன்களைத் தின்னும், குட்டை நிரம்பி வழிந்தால் ஆற்றுக்குப் போய்விடும்.

எப்படி எடுப்பது?

அணைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, சமவெளியில் ஒன்று, ஊர் ஏரி ஒன்று என நான்கு இடம் போதும். தை மாதம் ஒரு முறை, சித்திரையில் மடுவில் ஒரு முறை. ஒவ்வொரு இடத்திலும் ஒரே வீச்சு வலை, பத்து வீச்சு. எண்ணிக்கை மாறினால் ஒப்பிட முடியாது. அயிரை போன்றவை வீச்சு வலையில் சிக்காது, அவற்றுக்குக் கைவலை.

பிடித்ததை ஈரமான வெள்ளைத் தட்டில், தலை இடது பக்கம் இருக்கும்படி வைத்து, பக்கத்தில் அளவுகோல் போட்டு செல்போனில் படம் எடுங்கள். ஊர்ப் பெயர், தேதி, இடம், தண்ணீர் ஆழம் எழுதுங்கள். மீனை உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். எதுவும் சிக்காவிட்டால் அதையும் எழுத வேண்டும். அடையாளம் தெரியாததை மீன்வளத் துறையிடமோ, நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்திடமோ காட்டலாம். மலையில் காப்புக்காட்டு ஓடைகளில் இறங்க வனத்துறை அனுமதி தேவை.

இந்தக் கணக்கை வைக்க ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்கு ஓடி எழுதும்போது மீன் பக்கத்தில் பொதுப் பெயர்கள்தான் விழும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் வற்றாத மடுக்களின் பெயர் இல்லையென்றால், மே 1 கிராம சபையில் அவற்றைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம். அந்த நாள் சித்திரையில்தான் வருகிறது. மடுவை நேரில் காட்டவும் வசதி.