சிறகறுந்த பறவைக்கு ஒரு புகலிடம்

சீதாபிராட்டியைக் காக்கப் போரிட்ட ஜடாயு, இராவணனின் வாளால் சிறகறுந்து வீழ்ந்தார். கழுகரசரான அவர், ஊன் உண்ணும் இனத்தில் தோன்றியவர். ஸ்ரீராமபிரானோ அதனைக் கருதவில்லை. தந்தைக்கு மகன் ஆற்றும் ஈமக்கடனைத் தம் திருக்கரங்களாலேயே ஆற்றி, அவருக்கு நற்கதி அருளினார். அந்தத் தகனம் நிகழ்ந்த இடமாகப் போற்றப்படும் ஜடாயு குண்டத்தை வைத்தீஸ்வரன்கோயிலில் இன்றும் தரிசிக்கலாம்.

தலைநகர் தில்லியில் இக்காலத்திலும் பருந்துகளின் சிறகுகள் அறுபடுகின்றன. அறுப்பது வாள் அன்று. பட்டம் விடும் மாஞ்சா நூல். கண்ணாடித் தூள் பூசிய அந்த நூல், வானில் வட்டமிடும் பறவைக்கு எளிதில் புலப்படாது. சிக்கினால் தோலையும் தசையையும் அறுத்துக்கொண்டு எலும்புவரை இறங்கிவிடும். சுதந்திர தினத்தையொட்டிப் பட்டங்கள் மிகும் ஆகஸ்ட் மாதத்தில் இத்துயரும் மிகுகிறது.

தில்லியைச் சேர்ந்த நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவூத் என்னும் சகோதரர்கள், இளம்வயதில் அடிபட்ட பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். ஊன் உண்ணும் பறவை என்பதால் அங்கே அதற்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வேதனை அவர்கள் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 2003-ஆம் ஆண்டு முதல் தாங்களே பருந்துகளைப் பேணத் தொடங்கினர். உடற்பயிற்சியில் நாட்டம் கொண்டிருந்ததால் தசை, தசைநார் பற்றி அறிந்திருந்தது கைகொடுத்தது. பிழைப்புக்கான தொழிலையும் நடத்திக்கொண்டே, 20,000-க்கும் மேற்பட்ட பறவைகளுக்கு அவர்கள் சிகிச்சை அளித்துள்ளனர்.

காயத்தைத் தூய்மை செய்து, தையலிட்டு, இறைச்சி ஊட்டி, மாடியிலுள்ள பெரிய கூண்டில் விடுகின்றனர். சிறகில் வலிமை திரும்பிய பறவை வானேகுகிறது. தசைநார் முற்றிலும் அறுந்துபோனவை பறக்க இயலாமலே தங்கிவிடுவதும் உண்டு.

கும்பாபிஷேக நாளில் விமானக் கலசத்திற்கு மேலே கருடன் வட்டமிடக் கண்டால், பக்தர்கள் மெய்சிலிர்த்துக் கைகூப்புகின்றனர். அந்த இனத்துப் பறவை ஒன்று அடிபட்டுத் தெருவில் கிடந்தால் செய்ய வேண்டியது எளியது. கூரிய நகங்களுக்கு எச்சரிக்கையாகத் தடித்த துணியால் மெல்லப் போர்த்தி எடுத்து, காற்றுத் துளைகளிட்ட அட்டைப் பெட்டியில், சந்தடியில்லாத இடத்தில் வைக்க வேண்டும். நீரோ பாலோ சோறோ வாயில் புகட்டலாகாது. நூல் சுற்றியிருந்தால் இழுக்காமல், உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஜடாயுவுக்கு ஸ்ரீராமபிரான் செய்தது இறுதிக்கடன். காலத்தே உதவினால், இன்று வீழ்ந்த பறவை மீண்டும் பறக்கவும் கூடும்.