கதிர்வீச்சை அளக்கும் காற்று

கெந்திங் மலைக்குக் காரில் ஏறும்போது, கையிலிருக்கும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் பலூன்போல் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறைகிறது. பொட்டலத்துக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் இதே காற்றழுத்தம் நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

சிகிச்சை இயந்திரம் எவ்வளவு கதிர்வீச்சு தருகிறது என்று சரிபார்க்க உதவும் கருவி அயனியாக்க அறை. ‘அறை’ என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் ஃபார்மர் வகை அறை உங்கள் சுண்டுவிரலைவிட ஒல்லியானது. உள்ளே 0.6 கன சென்டிமீட்டர் சாதாரணக் காற்று. நடுவில் ஒரு மின்முனை, சுற்றிலும் மின்கடத்தும் சுவர். இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் 300 வோல்ட் மின்னழுத்தம் கொடுப்பார்கள்.

கதிர்வீச்சு பாயும்போது காற்று மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்க்கப்படுகின்றன. நேர் அயனிகள் ஒரு பக்கமும் எதிர் மின்னூட்டங்கள் மறுபக்கமும் ஓடுகின்றன. அப்படி ஓர் இணையை உருவாக்கச் சராசரியாக 34 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் செலவாகும் என்பது தெரியும். ஆகவே, சேர்ந்த மின்னூட்டத்தை அளந்தால் கதிர்வீச்சு கொடுத்த ஆற்றலைக் கணக்கிடலாம். 1 கிரே கதிர்வீச்சுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 20 நானோகூலும்தான்.

இந்த அறையில் ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றோடு கலந்தே இருக்கும். 20 பாகை செல்சியசில் அளவுதிருத்தம் செய்த கருவியை 23 பாகை அறையில் வைத்தால், காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறிவிடும். அளவு 1 விழுக்காடு குறைந்து காட்டும். சுமார் 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங்கிற்குக் கொண்டுபோனால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். கதிர்வீச்சு மாறவில்லை, காற்றுதான் குறைந்திருக்கிறது! அதனால் ஒவ்வொரு முறையும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அளந்து, திருத்தக் காரணியால் பெருக்குகிறார்கள்.

துளையை அடைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அடைத்த அறைகளும் உண்டு. ஆனால் அதில் மெல்லக் கசிவு ஏற்பட்டால் யாருக்கும் தெரியாது. திறந்த அறை எவ்வளவு தவறும் என்பதையாவது கணக்கிட முடியும். என்னைக் கேட்டால், அதுவே நம்பகமானது.

வேறு சிறு பிழைகளும் உண்டு. சில அயனிகள் மின்முனையை அடையுமுன் மீண்டும் ஒன்றுசேர்ந்துவிடும். மின்னழுத்தத்தைப் பாதியாக்கி மறுபடி அளந்து அந்த இழப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். கருவியையும் அவ்வப்போது பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் ஆய்வகம் போன்ற இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இத்தனையும் சரியாகச் செய்தால் 1 முதல் 2 விழுக்காடு துல்லியம் கிடைக்கும். நோயாளிக்குச் சேரும் அளவு 5 விழுக்காட்டுக்குமேல் பிசகக்கூடாது என்பதால், இது தேவையான துல்லியமே.

ஆனால் அழுத்தத்தைத் தவறாக எடுத்தால் எல்லாம் வீண். அனைத்துலக அணுசக்தி முகமை தொகுத்த விபத்துகளில் ஒன்று இது: உயரமான இடத்திலிருந்த ஒரு மருத்துவமனையில், விமான நிலையம் தந்த காற்றழுத்த அளவைப் பயன்படுத்தினார்கள். அது கடல்மட்டத்துக்கு ஏற்ப மாற்றப்பட்ட எண். உண்மையான அழுத்தம் அதைவிடக் குறைவு. அதனால் கருவி குறைத்துக் காட்டியது திருத்தப்படவில்லை; நோயாளிகளுக்குத் தேவைக்கு மேல் கதிர்வீச்சு சென்றது.

அடுத்த முறை கெந்திங் போனால் கைப்பேசியின் வானிலைச் செயலியைப் பாருங்கள். பெரும்பாலும் 1,010 ஹெக்டோபாஸ்கல் அளவில்தான் காட்டும். உங்கள் கைப்பேசியில் அழுத்த உணரி இருந்தால் அதையும் பாருங்கள்: 820-ஐ ஒட்டிய எண் தெரியும்.